கட்டையை எடுத்து வைக்கச் சொன்னால் கத்துகிறான்

அன்புள்ள ஐயா,

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன், விளையாட்டு நேரம் முடிந்து கட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னால் தரையில் விழுந்து புரண்டு கத்துகிறான். சமாதானம் சொல்லியும் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். ‘சரி, இன்னும் கொஞ்சம் விளையாடு’ என்று விட்டால்தான் அடங்குகிறான். மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்குக் கண்டிப்பு போதவில்லையா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கண்டிப்பில் குறையில்லை. பேச்சுதான் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். ஆத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. கத்தும் பிள்ளையிடம் ‘ஏன் இப்படிப் பண்றே?’ என்று கேட்டால், பதில் தேடுவது அவனுக்கு இன்னொரு சுமை.

மைக்கேல் பொட்டெகல் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் சிறுபிள்ளைகளின் அடத்தை நிமிடக் கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கத்தலும் உதையும் சீக்கிரமே உச்சத்துக்குப் போய் இறங்கும். அழுகையும் சிணுங்கலும் கடைசிவரை ஓடும். கோபத்தின் உச்சத்தில் தூக்கப் போனால் உதைதான் கிடைக்கும். (என் மூக்குக்கண்ணாடி அப்படித்தான் போயிற்று.) கையில் எறியக்கூடியது இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு, மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, பேசாமல் அருகில் இருங்கள். கத்தல் சிணுங்கலாக மாறுவது காதுக்கே தெரியும். அப்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

‘இன்னும் கொஞ்சம் விளையாடு’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கத்தினால் கட்டை கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். நிறுத்தியதும் சில நாள் கத்தல் கூடும், பயந்துவிடாதீர்கள். மூன்று நாள் தாங்கி நான்காம் நாள் விட்டுக்கொடுப்பது இன்னும் மோசம். எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்வான்.

ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், தாய்மாரைக் குழந்தைகளின் கோபத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுத வைத்து 1931-இல் ஒரு நூல் வெளியிட்டார். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முந்தைய நேரங்களில் கோபம் அதிகம் வருவது அதில் தெரிந்தது. நீங்களும் பத்து நாள் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது.

எனக்கென்னவோ சிக்கல் அந்தத் திடீர் நிறுத்தத்தில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பாதி வேலையில் யாராவது வந்து கணினியை அணைத்தால் நாம் மட்டும் சிரித்துக்கொண்டா எழுந்திருப்போம்? ஐந்து நிமிடம் முன்னாலேயே சொல்லுங்கள். மணல் கடிகாரம் ஒன்றை வையுங்கள், இந்த வயதுக்கு எண்களைவிட மணல் நன்றாகப் புரியும். பாதி கட்டிய வீட்டைக் கலைக்காமல் அலமாரியில் வைக்க இடம் கொடுங்கள்.

அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போது ‘இன்னும் முடியல, ரெண்டு நிமிஷம்’ என்று கேட்கப் பழக்குங்கள். விளையாட்டுப்போல நீங்கள் ஒருமுறை, அவன் ஒருமுறை. அவன் வாய்விட்டு அப்படிக் கேட்கும் முதல் நாள், அந்த இரண்டு நிமிடத்தைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். கத்தினால் கிடைக்காதது சொன்னால் கிடைக்கிறது என்று அவன் பார்க்க வேண்டும்.

தன்னையே அடித்துக் காயப்படுத்திக்கொண்டாலோ, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் நீண்டாலோ பெற்றோரிடம் பேசிக் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உதவி ஆசிரியை இருந்தால் இதையெல்லாம் அவருக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் மறுத்ததை அவர் கொடுத்துவிட்டால் பத்து நாள் உழைப்பும் வீண்.