லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பு உள்ள லேப்டாப்பை டிவியில் இணைத்தால் படம் வருகிறது, சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே வருகிறதே, எப்படி மாற்றுவது?

நீங்கள் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்று சொல்லியிருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற சின்ன மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பின்னால் சத்தத்தைக் கையாள்வது பழைய பல்ஸ்ஆடியோவா புதிய பைப்வயரா என்ற கவலை வேண்டாம், இரண்டோடும் இது வேலை செய்யும்.

திறந்ததும் எல்லோரும் 'அவுட்புட் டிவைசஸ்' பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். அங்கே டிவி இருக்காது. கேபிளைப் பிடுங்கிச் செருகி, ரீஸ்டார்ட் செய்து அலுத்துப்போவார்கள். பார்க்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கும் 'கான்ஃபிகரேஷன்'. பல லேப்டாப்களில் ஸ்பீக்கரும் எச்டிஎம்ஐயும் (டிவிக்குப் போகும் கேபிள் வழி) ஒரே சவுண்ட் கார்டுக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கார்டு ஒரு நேரத்தில் ஒரு புரொஃபைலில்தான், அதாவது சத்தம் எந்த வழியில் போகும் என்ற ஒரு அமைப்பில்தான், இயங்கும். அனலாக் (லேப்டாப் ஸ்பீக்கர்) புரொஃபைலில் இருக்கும்வரை டிவி பட்டியலிலேயே வராது. அதை எச்டிஎம்ஐ ஸ்டீரியோ என்று மாற்றினால் உடனே வந்துவிடும். (சில புது இன்டெல் லேப்டாப்களில் எல்லாமே சேர்ந்து தெரியும், அங்கே இந்த வேலை இல்லை. எக்ஸ்எஃப்சிஇக்குப் பதிலாக க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களுக்கு அதன் செட்டிங்ஸே புரொஃபைலையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிடும்.)

இப்போது அவுட்புட் பக்கத்தில் டிவிக்கு எதிரே உள்ள பச்சை டிக்கை அழுத்துங்கள். அதுதான் இனி டிஃபால்ட்.

அப்படியும் பிரவுசர் சத்தம் மட்டும் அடம்பிடித்தால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பிளேபேக்' பக்கத்தைப் பாருங்கள். எந்த மென்பொருளை முன்பு எந்தக் கருவிக்கு அனுப்பினீர்கள் என்பதைச் சிஸ்டம் ஞாபகம் வைத்திருக்கும், டிஃபால்ட்டை மாற்றினாலும் விடாது. அங்கே பிரவுசருக்கு நேராக டிவியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சரி.

டெர்மினல்தான் பிடிக்கும் என்றால், பைப்வயரில் டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் (wpctl status) என்று கொடுத்தால் கருவிகள் எண்ணோடு வரும், அந்த எண்ணை செட்-டிஃபால்ட்டுக்குக் (wpctl set-default) கொடுக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை ஸ்கிரிப்டில் எழுதி வைக்காதீர்கள். கருவியைக் கழற்றி மாட்டினாலே அது மாறலாம். ஷார்ட்கட் கீ வைக்க ஆசை என்றால் பிஏசிடிஎல் (pactl) என்ற கட்டளையில் கருவியின் முழுப்பெயரைக் கொடுப்பதே நல்லது.

புளூடூத் ஹெட்செட்டுக்கும் அதே கான்ஃபிகரேஷன் பக்கம்தான். மீட்டிங் முடிந்தபின் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி கேட்டால், மைக்குக்கான ஹெட்செட் புரொஃபைலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டு கேட்பதற்கான ஏ2டிபி (A2DP) புரொஃபைலுக்கு மாற்றுங்கள்.