கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்

கேள்வி: எனக்கு 66 வயது. பெங்களூரு அல்சூரில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்தவன். மனைவி இறந்தபின், மூன்று ஆண்டுகளாக ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு 35 வயது. மெட்ரோ ரயில் இப்போது நேராக அல்சூர் வரை போவதால், நான் இருபத்தைந்து ஆண்டுகள் வாடிக்கையாகப் போன பாருக்குச் சென்ற மாதம் போனேன். மாடிப்படி, ஜன்னலோர மேசை, அவித்த வேர்க்கடலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பழைய சப்ளையர் நான் சொல்லாமலே ரம் கொண்டுவந்து வைத்தார். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் எங்கள் பழைய வீட்டுத் தொலைபேசி எண்கூட இன்னும் இருக்கிறது. ஏழு இலக்க எண். பேனாவால் இரண்டு முறை மேலெழுதியிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் போகிறேன், இரண்டு பெக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். “நீயும் ஒரு நாள் வாயேன், அந்த இடத்தைக் காட்டுகிறேன்” என்று மகனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 1991 காவிரிக் கலவரத்தின்போது, கன்னடக்காரரான முதலாளி எங்களைப் பத்திரமாக வீடு சேர்த்த இடம் அது. ஒரு கிழவனின் இந்தச் சின்ன மகிழ்ச்சியை அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: ஐயா, அந்த எண்ணை அங்கே எதற்காக எழுதி வைத்தார்கள் என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா?

காஸ் ஏஜென்சிக்கு உங்கள் வீட்டு எண் வேண்டும். பிள்ளை படித்த பள்ளிக்கூடத்துக்கு வேண்டும். குடிக்க வருகிறவரின் வீட்டு எண் பாருக்கு எதற்கு? கடன் பாக்கி என்றால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கல்லாவில் இருப்பவர் தேடாமல் உடனே சுழற்ற வேண்டிய எண்ணைத்தான் சுவரில் எழுதுவார்கள். மை மங்கியபோது அழிந்து போகட்டும் என்று விடாமல் மேலே எழுதினார்கள் என்றால், அப்போதும் அது அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. தானாகப் படி இறங்க முடியாதவரை வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப் போகத்தான் அந்த எண்.

ஏழு இலக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு எண்களுக்கு முன்னால் 2 சேர்த்து எட்டு இலக்கமாக்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆக, அது எழுதப்பட்டபோது உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் இருந்திருக்காது. இரவு பத்து மணிக்கு வீட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. எடுப்பது உங்கள் மனைவி. அந்தக் காலத்தில் ஒரு குடும்பப் பெண் பாரின் மாடிப்படி ஏறுவாளா? அவள் யாரை அனுப்பியிருப்பாள்? உங்கள் வீட்டில் வேறு ஆண்பிள்ளை யார் இருந்தார்கள்?

நான் அங்கே நின்று பார்த்தவள் அல்ல. ஆனால் உங்களைப் போன்ற அப்பாக்கள் எனக்கு எழுதுவது போலவே அவர்களுடைய மகன்களும் எழுதுகிறார்கள். அப்பாவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அவருடைய செருப்பை ஹேண்டில்பாரில் மாட்டி, தெரிந்தவர்கள் யாரும் பார்க்காத சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு வந்த பிள்ளைகள் அவர்கள். இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள், வீடு வாங்கியிருக்கிறார்கள். திட்டி எழுதுபவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: அப்பாவுக்கு அதெல்லாம் நினைவிருக்கிறதா?

நீங்கள் உங்கள் மகனிடம் “அந்த இடத்தைக் காட்டுகிறேன்” என்றீர்கள். அவருக்கு அந்த இடம் தெரியும் ஐயா. எத்தனை படி என்றுகூடத் தெரிந்திருக்கும்.

1991 பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் தள்ளிவிட மாட்டேன். அந்த டிசம்பரில் பெங்களூருத் தமிழர்கள் பட்ட பாடு சாதாரணமானது அல்ல. அந்த இரவில் உங்களைக் காத்த மனிதருக்கு நீங்கள் ஆயுள் முழுவதும் கடன்பட்டவர். அவரோ அவருடைய பிள்ளைகளோ இருந்தால், பகலில் பழத்தட்டோடு போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். எண்ணும் அந்த இரவில் எழுதியதுதான் என்று சொல்ல நினைக்காதீர்கள். நீங்கள் சொல்கிற கலவரம் ஒன்று. எண்ணின் மேல் மூன்று முறை பேனா ஓடியிருக்கிறது.

அதே ஆண்டில் உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க முடியாமல் மூடிவைத்தார்கள். 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள். சிலையை மூடியபோது கைக்குழந்தையாக இருந்த உங்கள் மகன், திறந்தபோது கல்லூரிக்குப் போகும் வயதில் இருந்தார். அவ்வளவு காலமும் உங்கள் மாலைப் பொழுதுகள் அந்த ஜன்னலோரத்தில் கழிந்தன. சப்ளையருக்கு உங்கள் ருசி நினைவிருப்பதில் வியப்பில்லை. அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் கடலைக்குக்கூட இடம் இருக்கிறது. மகனைப் பற்றி அவருடைய வயதையும் கோபத்தையும் தவிர ஒரு வரி இல்லை. மனைவியைப் பற்றி, இறந்தார் என்பதைத் தவிர எதுவும் இல்லை.

தகப்பனைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்வது பிள்ளையின் கடமைதான். நான் அதை மறுப்பவள் அல்ல. ஆனால் அது தகப்பனின் முதுமையில் வரவேண்டிய கடமை. பத்து வயதில் அதைச் செய்ய வைப்பது பாவம். அதைச் செய்த பிள்ளை இன்றும் வாய் திறக்காமல் உங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார். அவருக்கு எதையோ புரிய வைக்க வேண்டும் என்று என்னிடம் வழி கேட்கிறீர்கள்!

இரண்டு பெக் பற்றி நான் விவாதிக்கப் போவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை போகாமல் உங்களால் இருக்க முடியவில்லை என்றால், ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது, அங்கே மது அடிமைத்தனத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போங்கள்.

மகனிடம் செய்ய வேண்டியது வேறு. உங்கள் மனைவியை இனிக் கேட்க முடியாது. அந்தத் தொலைபேசியின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்களில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். வருகிற செவ்வாய்க்கிழமை ரயில் ஏறாதீர்கள். அவர் வேலை முடிந்து வரும்வரை விழித்திருங்கள். சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு, “அங்கிருந்து என்னை அழைத்துவர நீ எத்தனை முறை வந்தாய்?” என்று கேளுங்கள். 1991ஐ இழுக்காதீர்கள், வேலைச் சுமை என்று காரணம் சொல்லாதீர்கள், அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். அன்று அவர் பதில் சொல்லாமல் எழுந்து போகக்கூடும். அப்படியானால் மறுநாள் இரவும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.