வார இறுதியில் காணிக்குப் போகும் கொழும்புக் குடும்பங்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, அவிசாவளைக்கு அப்பால் 40 பேர்ச் காணி வாங்கியிருக்கிறோம். கொஞ்சம் சரிவான நிலம். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளோடு போய் நாங்களே ஒரு கொட்டில் போட ஆசை. எதில் தொடங்குவது?

பதில்: கொட்டிலில் தொடங்காதீர்கள், தங்கச்சி. முதல் தடவை ஒரு மழையை இருந்து பாருங்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எந்த வழியால் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் தடிகளை நடட்டும். எங்கே கட்டக்கூடாது என்பதை அந்தத் தடிகளே காட்டிவிடும். பிறகு மலசலகூடம், அதன் பிறகு ஒரு கூரை நிழல், சுவர் கடைசியில்தான்.

சரிவை வெட்டிச் சமதரை ஆக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களே புதைந்தன. அடிவாரத்தில் வெட்டப்பட்ட சரிவு பெருமழையில் பிடிமானத்தை இழந்துவிடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் காணி எங்கே விழுகிறது என்று பாருங்கள். சிறு கொட்டில்தானே என்று எண்ணாமல் பிரதேச சபையிலும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): மண் சுவர் எழுப்ப ஆசைப்படுகிறோம். ஈரவலய மழைக்கு அது நிற்குமா, ஐயா?

பதில்: நிற்கும். மண் சுவரைக் கெடுப்பவை இரண்டு: கீழிருந்து ஊறும் ஈரம், பக்கத்திலிருந்து அடிக்கும் சாரல். ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடித்தளம் போட்டு, கூரையின் இறவாரத்தைச் சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டிவிட்டால் பாதிக்கு மேல் வென்றுவிட்டீர்கள்.

மேல்மண்ணில் இலைச்சருகும் வேரும் கிடக்கும். அதை ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கும் செம்மண்ணை எடுங்கள். ஈரமாக்கி உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். பொடியாகச் சிதறினால் மணல் அதிகம். சிதறாமல் தட்டையானால் ஒன்று தண்ணீர் கூடிவிட்டது, இல்லாவிட்டால் களி அதிகம். காய்ந்ததும் சுவர் பாளம் பாளமாக வெடித்தால் அது களியின் வேலைதான், மணல் சேருங்கள். நறுக்கிய வைக்கோலைப் போட்டு மிதித்து ஓர் இரவு ஊறவிட்டால் மண் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மிதிப்பதற்குப் பிள்ளைகளைவிடச் சிறந்த ஆட்கள் கிடையாது. அந்தச் சேற்று நாளை அவர்களிடமிருந்து பறித்துக் கூலியாளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நட்ட கம்புகளுக்கு இருபுறமும் வரிச்சு (குறுக்குக் கம்பு) கட்டி, இடையில் மண்ணை அமுக்கி நிரப்புங்கள். ஒரே மூச்சில் உயர்த்தினால் சுவர் தன் பாரத்தாலேயே சரியும். இந்த வார இறுதியில் இரண்டடி, அடுத்த வார இறுதியில் இரண்டடி என்று போவதே சரி. இடையில் வரும் ஐந்து வேலை நாட்களும் மண் இறுகுவதற்கான நாட்கள். ஆகவே வாரம் ஒருமுறை மட்டும் வரக்கூடிய குடும்பத்துக்கு மண்ணைவிடப் பொருத்தமான கட்டுபொருள் எனக்குத் தெரியவில்லை. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மழை குறைவு. அதைத் தவற விடாதீர்கள்.

கேள்வி (தெஹிவளை): காணியில் ஒரு முதிர்ந்த பலா நிற்கிறது. தூணுக்கு வெட்டலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. அனுமதி கிடைத்தாலும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதன் நிழலில்தான் நீங்கள் சமைக்கப் போகிறீர்கள்.

கேள்வி (மட்டக்குளி): எங்கள் காணி புத்தளம் பக்கம். தரையில் பாய் விரித்துப் படுக்கலாமா? பாம்புப் பயம் இருக்கிறது.

பதில்: வெறும் தரையில் வேண்டாம். வறண்ட வலயத்தில் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், உறங்குபவரைத்தான் கடிக்கிறது. வலி அநேகமாக இராது, கடித்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சரிதல் என்று வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கட்டிலில் படுத்து, நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுங்கள். கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் வெளியே போக டோர்ச்சும் சப்பாத்தும் கட்டாயம்.

கேள்வி (பம்பலப்பிட்டி): சாதாரண தரத்துக்குப் படிக்கும் மகன் வர மறுக்கிறான். கைப்பேசியை விட்டு நிமிர்வதே இல்லை.

பதில்: விறகு பொறுக்க அழைத்தால் வரமாட்டார். கூரையைக் கணக்கிடும் பொறுப்பைக் கொடுங்கள். கொட்டிலின் அகலம் 10 அடி, கூரை நடு முகட்டிலிருந்து இருபுறமும் சரியும். கிடுகுக் கூரையில் தண்ணீர் நிற்காமல் ஓட 45 பாகைச் சாய்வு வேண்டும். இறவாரம் சுவருக்கு வெளியே இரண்டடி. முகட்டிலிருந்து இறவாரம் வரை இறங்கும் ஒவ்வொரு கைமரமும் எவ்வளவு நீளம்? பைதகரசின் தேற்றத்தைப் போட்டால் 10 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். அவர் சொல்லும் அளவையே மரக்காரரிடம் கொடுங்கள், முனையில் வெட்டிச் சரிசெய்ய மட்டும் ஓர் அடி கூட்டி வாங்குங்கள். தூக்கி வைக்கும் நாளில் ஏணியில் நிற்க வேண்டியவரும் அவர்தான்.