புது ஓ.எஸ். போனுக்கு மாறலாமா? வாசகர் கேள்வி – பதில்

ஆம்பூர் வாசகர்: ஷூ கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். மெஷின் பார்க்க குவாங்சோ போன என் அண்ணன் ஒரு ஹுவாவே போன் வாங்கி வந்திருக்கிறார். கேமரா பிரமாதம். உள்ளே போனை இயக்கும் ஓ.எஸ். ஆண்ட்ராய்டு இல்லை, ஹுவாவேயின் சொந்த ஹார்மனி என்கிறார்கள். சிம்மை இதில் போட்டு இதையே முதல் போனாக வைத்துக்கொள்ளலாமா?

முதலில் எந்த ஹார்மனி என்று பாருங்கள். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பக்கத்தைத் திறந்தால் பதிப்பு எண் இருக்கும். 2 முதல் 4 வரை என்றால் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும். ஏ.பி.கே. கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் கோப்பை, இறக்கி நிறுவலாம், கூகுள் சேவைகள் மட்டும் இருக்காது. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடையின் பலன் அது. 5 அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் கையில் இருப்பது 2024 அக்டோபரில் வெளியான 'நெக்ஸ்ட்' வகை. இதில் ஆண்ட்ராய்டின் நிரலையே அடியோடு எடுத்துவிட்டார்கள். ஏ.பி.கே. கோப்பைத் தட்டினால் எதுவும் நடக்காது. மாடல் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். மேட் 70 வரிசை வந்தபோது 4.3, நெக்ஸ்ட் இரண்டில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும்படிதான் கொடுத்தார்கள்.

நெக்ஸ்ட் வகையிலும் ஆண்ட்ராய்டு ஆப்களைத் தனிக் கூண்டுக்குள் ஓடவிடும் ஆப்கள் சில உண்டு. செய்தி படிக்க, படம் பார்க்க அது போதும். வங்கி ஆப், யு.பி.ஐ. ஆப் என்று வரும்போது இடிக்கும். போன் கூகுளின் சான்று பெற்றதா, சிஸ்டத்தில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று அவை சோதிக்கும். கூண்டுக்குள் அந்தச் சோதனை தேறாது.

ஆகவே சிம் பழைய போனிலேயே இருக்கட்டும். புதிய போனுக்கு அதிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து கேமராவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோல் மாதிரிகளைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்ப அதைவிட நல்ல கருவி கிடைக்காது.

ஆற்காடு வாசகர்: செல்போன் கடை வைத்திருக்கிறேன். புதிதாக வந்த ஓ.எஸ். என்று சொல்லி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் 20 பீஸ் எடுக்கச் சொல்கிறார். விலை குறைவு, மார்ஜின் நன்றாக இருக்கிறது. நிலைக்குமா?

தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, ஆப் இல்லாத போனும் அந்த வரிசைதான். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்காவது 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். போனுக்கு ஆப் அப்படி வராது. ஆட்கள் அதிகம் இருந்தால்தான் ஆப் எழுதுகிறவர் வருவார், ஆப் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள். இந்தச் சிக்கலில்தான் ஒவ்வொரு புது ஓ.எஸ்ஸும் மாட்டியது.

நம் கடைகளுக்கே வந்து போனவற்றைப் பாருங்கள். விண்டோஸ் போன் 7, 2010-இல் வந்தது. 2012-இல் 8 வந்தபோது பழைய போன் எதற்கும் அந்த அப்டேட் கிடைக்கவில்லை. ஓ.எஸ்ஸின் மையமான கர்னலையே மாற்றிவிட்டார்கள். அந்த வருடமே லூமியா 900 என்ற விண்டோஸ் போனை வாங்கியவருக்கும் அதே கதிதான். 2019 டிசம்பர் 31-உடன் வாட்ஸ்அப்பும் விண்டோஸ் போனை விட்டுப் போனது. பயர்பாக்ஸ் ஓ.எஸ். போட்ட இன்டெக்ஸ் கிளவுட் எஃப்.எக்ஸ். 2014 ஆகஸ்டில் 1,999 ரூபாய்க்கு வந்தது. 128 எம்.பி. ராமை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? டைசன் என்ற ஓ.எஸ். போட்ட சாம்சங் இசட்1, 2015 ஜனவரியில் 5,700 ரூபாய். பிளாக்பெர்ரி 10-க்கான சேவைகளை 2022 ஜனவரி 4-ஆம் தேதி நிறுத்தினார்கள். இவற்றில் பாதி, தரத்தில் மட்டமான சரக்கு அல்ல. விண்டோஸ் போன் ஓடிய வேகம் அன்றைய மலிவு ஆண்ட்ராய்டில் கிடையாது. தரம் இருந்தும் படுத்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சில வருடம் தாக்குப்பிடித்த உதாரணமும் உண்டு. கை ஓ.எஸ். போட்ட ஜியோபோன் 2017-இல் திருப்பித் தரும் டெபாசிட் 1,500 ரூபாய்க்கு வந்தது. பின்னால் நெட்வொர்க் நடத்துகிறவரே நின்றார். 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் உள்ளே வந்தது. இந்த இரண்டும் இல்லாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

20 வேண்டாம், 2 எடுங்கள். எடுக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரிடம் சிலவற்றை எழுதி வாங்குங்கள். செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம், விற்காததைத் திருப்பி எடுப்பார்களா, டிஸ்ப்ளே காம்போ (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம்) என்ன விலை, எத்தனை நாளில் வரும். காம்போ கிடைக்காத போனை விற்றால், கீழே போட்டு உடைத்தவர் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார். பெட்டியில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர அமைப்பின் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். *#06# போட்டு, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கே-ஒய்-எம் என்று தட்டி, ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிலில் வரும் பிராண்டும் மாடலும் கையில் உள்ள போனோடு பொருந்தாவிட்டால் அந்தச் சரக்கைத் தொடவே வேண்டாம்.

குடியாத்தம் வாசகர்: லுங்கி மொத்த வியாபாரம். நூல்காரருக்குப் பணம் போடுவது எல்லாம் யு.பி.ஐ.யில்தான். போன் மாற்றினால் எத்தனை நாள் வியாபாரம் முடங்கும்?

முடங்காது, ஆனால் ஒரு நாள் இடறும். யு.பி.ஐ. உங்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. எண்ணையும் போனையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. புதிய போனில் ஆப்பைத் திறந்ததும் அது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். அது போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு திறக்கும். அதன்பிறகு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. உங்களுக்கு வரும் பணத்துக்கு இந்தத் தடை இல்லை. கடையில் ஒட்டிய க்யூ.ஆரும் சவுண்ட் பாக்ஸும் வழக்கம்போல் வேலை செய்யும். யு.பி.ஐ. பின் பழையதே செல்லும்.

எஸ்.எம்.எஸ். போகாமல் நிற்பதுதான் அடிக்கடி நடப்பது. காரணங்கள் சில்லறையானவை. இரண்டு சிம் உள்ள போனில் வங்கியில் பதிவான எண்ணை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அல்லது அந்தச் சிம்மில் பேக் தீர்ந்து எஸ்.எம்.எஸ். அனுப்பவே வழி இருக்காது. ஆப் அனுமதி கேட்டபோது அவசரத்தில் மறுத்திருப்பீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: சிம்மை மாற்றி வாங்கினால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். போகவும் செய்யாது, வரவும் செய்யாது. மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி. புதிய போனில் இ-சிம்தான் போட வேண்டும் என்றால் அதைப் பழைய போன் கையில் இருக்கும்போதே முடித்து, இரண்டு நாள் கழித்துப் போனை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் ஓ.டி.பி. வராமல் தவிப்பீர்கள்.

சனிக்கிழமை மாலை கடை அடைத்த பிறகு மாற்றுங்கள், திங்கள் காலை முழு வரம்பும் திரும்பியிருக்கும். நடுவில் நூல்காரருக்குப் பெரிய தொகை போட வேண்டியிருந்தால் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வழியாக என்.இ.எஃப்.டி. போடலாம். 2019 டிசம்பரிலிருந்து அது ஞாயிறும் இரவும் நடக்கிறது. பெறுபவரின் கணக்கை முந்தைய நாளே சேர்த்து வையுங்கள்.

வாங்கப்போவது புது ஓ.எஸ். போன் என்றால் அதன் சொந்த ஸ்டோரில் உங்கள் வங்கியின் ஆப் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். 'விரைவில் வரும்' என்பது பதில் ஆகாது.

காட்பாடி வாசகர்: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கூகுள் கண்காணிப்பு இல்லாத போன் வேண்டும். பார் ஓ.எஸ். நல்லதா, பழைய பிக்சல் வாங்கி கிராபீன் ஓ.எஸ். போடுவது நல்லதா?

பார் ஓ.எஸ். 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கியது. அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த நிரல்தான். ரகசியம் காக்க வேண்டிய அமைப்புகளுக்காகச் செய்தது. உங்கள் போனுக்கு இறக்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கு என்று எண்ண வேண்டாம்.

கிராபீனும் அதே திறந்த நிரலில், கூகுளின் பிக்சல் போன்களுக்காகச் செய்தது, நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் பிக்சல் வாங்குவதில்தான் பொறி. செகண்ட் ஹேண்ட் சந்தையில் அமெரிக்காவிலிருந்து வந்தவையும் இருக்கின்றன. வெரிசான் என்ற அமெரிக்க நெட்வொர்க் கம்பெனியின் பூட்டோடு வந்தது என்றால் பூட்லோடரை, அதாவது போனில் ஓ.எஸ்ஸை ஏற்றும் நிரலை, திறக்கவே முடியாது. பணம் கொடுக்கும் முன் 'பில்ட் நம்பர்' மேல் 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, இன்டர்நெட் இணைப்புக் கொடுத்து, 'ஓ.இ.எம். அன்லாக்கிங்' ஸ்விட்ச் அசைகிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தால் அந்தப் போன் வேண்டாம். மாடல் இன்னும் அப்டேட் பெறுவதாகவும் இருக்க வேண்டும். கூகுள் கைவிட்ட பிக்சலைக் கிராபீனும் கைவிடும். பிக்சல் 8-க்கும் அதன்பின் வந்தவற்றுக்கும் 7 வருட அப்டேட் வாக்கு இருக்கிறது.

போடுவது கடினம் அல்ல. போனைக் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, அதன் குரோமில் கிராபீனின் வெப் இன்ஸ்டாலரைத் திறந்து, வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி போனை பூட்லோடருக்குக் கொண்டுபோய், திரையில் சொல்வதைச் செய்தால் போதும். பூட்டைத் திறக்கும்போது ஒரு முறை, முடிந்து மறுபடி பூட்டும்போது ஒரு முறை, ஆக இரண்டு முறை எல்லாம் அழியும். பாதியில் நின்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளும், கம்ப்யூட்டரின் முன்பக்க யு.எஸ்.பி. போர்ட்டும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். மறுபடி பூட்டாமல் விட்டால் பாதுகாப்புக்காகச் செய்த வேலைக்கே அர்த்தமில்லை.

வாட்ஸ்அப் ஓடும். சில வங்கி ஆப்கள் ஓடும், சில திறந்ததும் மூடிக்கொள்ளும். உங்கள் வங்கி எந்தப் பக்கம் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் ஒரு அப்டேட்டில் மாறலாம்.

ஆரணி வாசகி: ஓய்வு பெற்ற ஆசிரியை. 9 வருடமாக ஆண்ட்ராய்டு. அமெரிக்காவில் உள்ள மகன் ஐபோன் அனுப்பியிருக்கிறான். மறைந்த என் கணவரின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள் பழைய போனில் இருக்கின்றன. அவை போய்விடுமா?

போகாது அம்மா, வரிசை தப்பாமல் செய்தால். ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவசரப்பட்டு முழுவதும் செட்டப் செய்து முடித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் மாறுவதற்கு ஐபோன் புதியதாகவோ ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும். பழைய போனின் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கிறது, ஐபோன் அதைப் படிக்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பழைய போனில் 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' ஆப்பை நிறுவி, இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு, ஒரே வைஃபையில் இணையுங்கள். ஐபோன் செட்டப்பில் 'ஆண்ட்ராய்டிலிருந்து மாற்று' என்பதைத் தொட்டால் ஒரு எண் வரும், அதைப் பழைய போனில் தட்டுங்கள். மாற்ற வேண்டியவற்றில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்தால் அது திறந்து தயாராகும், பிறகு தொடருங்கள். முடிந்ததும் ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி அதே எண்ணால் உள்ளே போங்கள். கால் பட்டியல் வராது. படங்கள் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் வேறு ஆப்பைத் திறக்காதீர்கள். ஐபோன் 35 டிகிரி வரையுள்ள சூழலுக்குத்தான் சொல்லப்பட்டது. நம்மூர் வெயில் அதற்கு மேலே போகும் மாதங்களில் விடியற்காலையில், ஃபேன் கீழே வைத்துச் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. அந்த வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். பழைய போனை எதற்கும் ஆறு மாதம் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒடுகத்தூர் வாசகர்: புது ஓ.எஸ். போனில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஜியோவில் கால் போகவில்லை. ஏன்?

போனில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, வேலை செய்யவில்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, எனவே வோல்ட்டி இல்லாவிட்டால் சாதாரண காலுக்கு வேறு வழியே இல்லை. ஏர்டெல் சிம் போட்டால் கால் 2ஜிக்கு இறங்கி எப்படியோ போய்விடும், ஆனால் பேசும்போது நெட் நின்றுவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: கால் பேசிக்கொண்டே மேலே உள்ள குறியைப் பாருங்கள், 4ஜி என்பது ஆங்கில 'இ' எழுத்தாக மாறினால் வோல்ட்டி இல்லை. மலையடிவாரத்தில் இருப்பவர் 850 அலைவரிசை, அதாவது பேண்ட் 5, இருக்கிறதா என்றும் பெட்டியில் பாருங்கள்.

வாலாஜாபேட்டை வாசகர்: புது ஓ.எஸ்ஸில் தமிழ் சரியாக வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கௌரவம், ஸ்ரீரங்கம், லக்ஷ்மி, கொக்கு நான்கையும் தட்டுங்கள். எங்காவது புள்ளியிட்ட வட்டம் தெரிந்தால் எழுத்துருவோ எழுத்தைச் சேர்க்கும் நிரலோ அரைகுறை. பிறகு பழைய போனிலிருந்து வந்த காண்டாக்டில் 'கோபால்' என்று தேடுங்கள். 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம், பார்வைக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக எண்ணாத ஓ.எஸ்ஸில் பெயர் கண்ணெதிரே பட்டியலில் இருக்கும், தேடினால் மட்டும் வராது.