வயது சீராக்கிய வீதம்

கேள்வி: புற்றுநோய் பற்றிய அறிக்கையொன்றில் எமது மாவட்டத்துக்கு இரு வீதங்கள் தரப்பட்டுள்ளன. ஒன்று, 'உலக நியமக் குடித்தொகைக்கு ஏற்ப வயது சீராக்கப்பட்டது' என்கிறது. திருகோணமலையின் கணக்கில் உலகத்துக்கு என்ன வேலை? எதை நம்புவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டையும் நம்பலாம், ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அறுபது வயதுக்குக் கீழ் ஆயிரத்துக்கு 2 பேரும் அதற்கு மேல் 40 பேரும் ஆண்டுதோறும் இறக்கும் இரு ஊர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாவது ஊரில் முதியோர் நூற்றுக்குப் பத்து, மற்றதில் இருபது என்றால், பருமட்டான இறப்பு வீதம், அதாவது வயதைப் பாராமல் மொத்த இறப்புகளை மொத்த மக்கள்தொகையால் வகுத்துப் பெறும் வீதம், ஆயிரத்துக்கு முறையே 5.8, 9.6 என வரும். எந்த வயதிலும் அபாயம் ஒன்றாகவே இருக்க, இரண்டாவது ஊர் நோய் பிடித்த ஊராகத் தோன்றிவிடுகிறது. இளைஞர் வெளிநாடு சென்று முதியோர் எஞ்சியிருக்கும் பகுதிகளுக்கு இந்தப் பழி எளிதில் வந்துசேரும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு வயதுப் பிரிவின் வீதத்தையும் பொதுவானதொரு குடித்தொகையில் அப்பிரிவுக்குள்ள பங்கால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். நியமக் குடித்தொகை எனப்படும் அது எங்கும் வாழும் மக்களல்லர். ஒப்பிடுவதற்காக ஏற்றுக்கொண்ட அளவுகோல் மாத்திரமே. உலக நியமக் குடித்தொகையாக ஜப்பானிய ஆய்வாளர் செகி 1960இல் முன்வைத்ததை 1966இல் பிரித்தானிய ஆய்வாளர் டோல் திருத்தினார். உலக சுகாதார ஸ்தாபனம் பின்னர் 2000–2025 காலத்துக்கான உலகச் சராசரி வயதமைப்பைக் கொண்டு புதியதொன்றை வகுத்தது.

அளவுகோல் மாறினால் விடையும் மாறும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. செகி–டோல் குடித்தொகையில் அறுபதைக் கடந்தோர் நூற்றுக்கு 11. 2013ஆம் ஆண்டின் ஐரோப்பிய நியமக் குடித்தொகையிலோ 25.5. மேற்சொன்ன ஊர்கள் இரண்டுக்கும் முதலாவதன்படி 6.18 கிடைக்கும், இரண்டாவதன்படி 11.69. ஊர்கள் இரண்டும் சமம் என்பதில் இரு கணக்குகளும் ஒத்துப்போகின்றன. எண்ணோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே எந்த நியமம் என்று குறிப்பிடாத வீதத்தை வேறோர் அறிக்கையின் வீதத்துடன் ஒப்பிடுவது வீண்வேலை என்பதே என் கருத்து.

திருகோணமலையை யாழ்ப்பாணத்துடனோ, பத்தாண்டுகளுக்கு முந்திய திருகோணமலையுடனோ ஒப்பிடச் சீராக்கிய வீதத்தைப் பாருங்கள். வைத்தியசாலைக்கு எத்தனை கட்டில்கள், எவ்வளவு மருந்து வேண்டும் என்று திட்டமிடுவோருக்கு அது உதவாது. அவர்களுக்கு வேண்டியது இங்கு உண்மையில் நோயுற்றவர்களின் தொகையும் பருமட்டான வீதமும்தான்.