எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு அடைத்துக்கொள்கிறது: இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தானா?

அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியும் எதைச் சாப்பிட்டாலும் நாலு வாய் உண்பதற்குள் அடைத்துக்கொள்கிறது, வீட்டிலோ "சாப்பிடாமல் இருந்தே இளைத்திருக்கலாமே, இதற்கு எதற்கு ஆபரேஷன்" என்கிறார்கள், வாழ்நாள் முழுவதும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அடைப்பு பெரும்பாலும் நீடிக்காது. வீட்டாருடைய கேள்வி எவ்வளவு காலம் நீடிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. என் வீட்டில் அது இன்னும் ஓயவில்லை.

எந்த வகை அறுவை சிகிச்சை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ் என்பதால் உங்களுக்கும் அதுவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி நீக்கிவிட்டு, மீதியை ஒரு குறுகிய குழாயாக விட்டுவைக்கிறார்கள். எனக்குச் செய்தது பைபாஸ். அதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்தெடுத்து அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவதால், உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே கடந்து போகிறது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. இந்த மாற்றத்தோடு சில ஆண்டுகளாக மூன்று வேளையும் உண்டு வருகிறவன் என்பது மட்டுமே இதை எழுத எனக்குள்ள தகுதி. உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முழு இரைப்பைக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. உணவு வந்து சேரச் சேர அதன் மேற்பகுதி தானாகத் தளர்ந்து இடம் கொடுக்கும். அதனால்தான் முன்பெல்லாம் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டாலும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்லீவில் நீக்கப்படுவது பெரும்பாலும் அந்தத் தளரும் பகுதிதான், பைபாஸிலும் உணவு அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே முதல் கவளம் இறங்கி முடிவதற்குள் இரண்டாவது வந்துவிட்டால் அதற்குக் காத்திருக்க இடமில்லை, உணவுக்குழாயிலேயே நின்றுவிடுகிறது. உண்ணும் அளவை அறுவை சிகிச்சை பார்த்துக்கொள்கிறது, வேகத்தை அது பார்த்துக்கொள்வதில்லை. மூன்றாவது மாதத்தில் எல்லோரும் எத்தனை கரண்டி, எத்தனை கிராம் என்று அளவையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வேகத்தோடு சேர்ந்து ஈரமும் முக்கியம் என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். நீர் ஆகாரம், கூழ், மசித்த உணவு என்று ஒவ்வொரு கட்டமாகக் கடந்து திட உணவுக்கு வந்திருந்த சமயம், என்னைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்து தங்கியிருந்தாள். எனக்காகவே கோழியைச் சாறு நிறைய விட்டு, எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும் அளவுக்கு வேகவைத்தாள். ஒரு சிறு கிண்ணத்தில் பாதி அளவு உண்டேன், ஒரு தொல்லையும் இல்லை. மறுநாள் மீதமிருந்த அதே கோழியைச் சூடாக்கித் தந்தாள். இரண்டாவது துண்டு தொண்டையைத் தாண்டியதுமே நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. மூக்கில் நீர் வடிந்தது, ஒரு விக்கல் வந்தது, பிறகு வாயில் எச்சில் ஊறத் தொடங்கி நிற்கவே இல்லை. கழுவுதொட்டியின் மேல் குனிந்து நின்றபோது வெள்ளையாக, நூல் நூலாக, நுரையாகவே வந்துகொண்டிருந்தது. அக்கா பதறிப்போய்த் தண்ணீரை எடுத்து நீட்டினாள். அந்த நேரத்தில் செய்யக் கூடாதது அதுதான்: அடைத்திருப்பதன் மேல் தண்ணீரும் வந்து நின்றுகொண்டு வலியைக் கூட்டும். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மெல்ல நடந்துகொண்டிருந்தேன், வெகுநேரத்துக்குப் பிறகு அது தானாக இறங்கியது.

"நேற்று இதே கறியைத்தானே சாப்பிட்டாய்?" என்று அவள் கேட்டாள். கேள்வி நியாயமானது. அதே கோழி, அதே அளவு, அதே கிண்ணம். வேறுபாடு ஒன்றுதான்: முதல் நாள் அது சாற்றில் ஊறிக் கிடந்தது, மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து வந்து மீண்டும் சூடேறியதில் நார் நாராகக் காய்ந்திருந்தது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட வேறு சிலரிடமும் கேட்டுப் பார்த்தேன். மீண்டும் சூடாக்கிய கோழியும், உள்ளே போனதும் மாவுபோல் திரளும் புதிய ரொட்டியும்தான் எல்லோரும் சொன்ன முதல் இரண்டு எதிரிகள். நீங்கள் "எதைச் சாப்பிட்டாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். எதைச் சாப்பிட்டாலும் என்பது அநேகமாக, காய்ந்த எதைச் சாப்பிட்டாலும், அல்லது பேசிக்கொண்டே எதைச் சாப்பிட்டாலும் என்று சுருங்கும்.

இப்போது என் வழக்கம் இதுதான். சிறிய கரண்டி, அதில் பாதி. வாயில் இட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். கையில் அது இருக்கும்வரை கை அடுத்த வாய்க்குத் தானாகப் போகும். கூழாகும்வரை மெல்வேன். ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிப்பேன். புரதத்தை முதலில் உண்பேன், ஏனெனில் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், இந்தச் சிறு பையில் மற்றவற்றை முதலில் நிரப்பிவிட்டால் அந்தக் கணக்கு ஒருபோதும் தேறாது. வயிறு நிறைந்துவிட்டது என்ற பழைய உணர்வுக்காகக் காத்திருப்பதில்லை. மூக்கில் நீர் கோப்பதோ சிறு விக்கலோதான் எனக்கு இப்போது நிறைவின் அறிகுறி. அது வந்துவிட்டால் கிண்ணத்தில் இருப்பது ஒரே வாயாக இருந்தாலும் மூடி வைத்துவிடுவேன். வீணாகிறதே என்று அம்மா வருந்துவார். வருந்தட்டும்.

அடைப்பைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. காய்ந்த இறைச்சியும் காய்கறியும் அடைக்கின்றன. பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. அடைப்புக்குப் பயந்தவர் மெல்ல மெல்ல இறங்குவதை மட்டுமே உண்ணத் தொடங்குகிறார். முதல் ஆண்டில் எடை எப்படியும் குறைந்துகொண்டே இருப்பதால் இது யார் கண்ணிலும் படாது. இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு எடை மீண்டும் ஏறத் தொடங்கும்போதுதான் தெரியும். ஓரளவு ஏறுவது எல்லோருக்கும் இயல்பு, அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து பெருமளவு திரும்ப ஏறிய ஒருவர், தம்முடைய "வயிறு விரிந்துவிட்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கோழியையும் முட்டையையும் தொட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

இனிப்பு வேறு விதமாகப் பழி தீர்க்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது கூடுதல், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வருவதுண்டு. சர்க்கரை மிகுந்த உணவு சட்டென்று சிறுகுடலுக்குள் கொட்டிவிடும்போது, சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றை முறுக்கும் வலி, பேதி எல்லாம் சேர்ந்து வரும். இதற்கு டம்பிங் என்று பெயர். அலுவலகத்தில் ஒரு முறை கேக் வெட்டியபோது, ஒரு துண்டாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அன்பாக வற்புறுத்தி ஊட்டியே விட்டார்கள். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்து, கோப்புகள் வைக்கும் அறையில் தரையில் படுத்துவிட்டேன். வற்புறுத்தியவரே விசிறிக்கொண்டு நின்றார். இன்னொரு வகை, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது: ஏறிய சர்க்கரைக்கு எதிராக இன்சுலின் மிகையாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை கீழே போய்க் கை நடுங்கும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் இதை அசட்டையாக விட்டுவிடாதீர்கள்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பலருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். அதற்காக விளம்பரம் பார்த்து எதையும் வாங்க வேண்டாம். சத்து மாத்திரைகளோ வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றொன்றை உறிஞ்சவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் சிட்ரேட் வடிவில் இருப்பது நல்லது, ஏனெனில் கார்பனேட் கரைவதற்கு அமிலம் வேண்டும், நமக்கு இனி அமிலம் குறைவு. பி12 கல்லீரலில் நெடுநாள் இருப்பு இருப்பதால் மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே கால் மரத்துப்போகத் தொடங்கும்.

இங்கே என் மனக்குறை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது என்று உட்காரும்போதே சொன்னேன். "இதயத்திலா?" என்று கேட்டவர், இரைப்பை என்றதும் தலையை ஆட்டிவிட்டு இபுபுரூஃபென் எழுதித் தந்தார். அந்த வகை வலி மாத்திரைகள் பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணை உண்டாக்கும் என்று எங்களுக்கு மருத்துவமனையை விட்டு அனுப்பும்போதே தாளில் எழுதித் தருகிறார்கள். நான் எடுத்துச் சொன்னதற்கு, "வலைத்தளத்தில் படித்தீர்களா?" என்று ஒரு சிரிப்பு. பைபாஸ் அறுவை சிகிச்சை 1960களிலிருந்தே, எட்வர்ட் மேசன் அமெரிக்காவின் அயோவாவில் தொடங்கியதிலிருந்தே, நடைமுறையில் இருக்கிறது. புதுமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமில்லை. எல்லா மருத்துவரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அதற்குள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

உங்கள் வீட்டார் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். வாயைக் கட்ட முடியாதவர்கள் தேடும் குறுக்குவழி என்று நேரடியாகச் சொல்கிறவர்களும் உண்டு, இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் இழந்த எடையை மீட்கவே முயல்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது, ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே "சாப்பிடாமல் இருந்தே இளைப்பது" என்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னதில் பசியோடு போராட வேண்டும், இதில் பசி ஓராண்டுக்காவது ஒதுங்கி நிற்கிறது. சுவீடனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது. எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் பரிந்துரைக்கவில்லை. இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன, அவரவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும். செய்துகொண்டவரை உணவுத் தட்டின் முன்னால் உட்காரவைத்து விசாரணை நடத்துவதை மட்டும் நிறுத்தலாம்.

கடைசியாக, இவ்வளவு நேரம் வேகம், ஈரம் என்று நான் சொன்னதெல்லாம் பொருந்தாத ஒரு நிலை இருக்கிறது. உங்கள் அடைப்பு நாளுக்கு நாள் கூடுகிறதா என்று பாருங்கள். சென்ற மாதம் இறங்கிய மசித்த உணவு இந்த மாதம் இறங்கவில்லை, தண்ணீர்கூடத் தயங்குகிறது என்றால், மெல்வதில் குறையில்லை, வழி சுருங்கியிருக்கலாம். பைபாஸில் இணைப்பு இடத்திலும், ஸ்லீவில் குழாயின் நடுவிலும் இப்படிச் சுருங்குவதுண்டு, அதுவும் முதல் சில மாதங்களிலேயே. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, பலூனால் விரித்துவிடுவார்கள். பலருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. வாந்தி நாள்கணக்கில் நிற்காமல் இருந்தால் வீட்டில் வைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தயமின் என்ற பி1 சத்தின் இருப்பு உடம்பில் சில வாரங்களுக்கு மேல் தாங்காது, அது தீர்ந்துபோனால் மூளையையும் நரம்பையும் தாக்கும். அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும். ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக, எந்த அறுவை சிகிச்சை, எப்போது நடந்தது, எத்தனை நாளாக வாந்தி என்று சொல்லிவிடுங்கள், உடன் வருகிறவருக்கும் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவையுங்கள்.