பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீடு என்றால் என்ன, ஏன் அவசரம்?

தவழ, நடக்க, கதைக்கப் பிந்தும் பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள்ளேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவதுதான் ஆரம்பகாலத் தலையீடு. ஐந்து வயதில் மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடும். நரம்பு இணைப்புகள் படுவேகமாக உருவாவது முதல் மூன்று வருடங்களில். படுவான்கரை வயலில் ஈர மண்ணில் வாய்க்கால் வெட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் இறுகிய பிறகும் வெட்டலாம், ஆனால் இடுப்பு முறியும்.

பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில்தான்: குளிக்க வார்க்கும்போது 'தண்ணி' என்று சொல்லிவிட்டு, பிள்ளை திருப்பிச் சொல்லக் கொஞ்சம் காத்திருப்பது. கிளினிக்கில் அரை மணித்தியாலம் மட்டும் போதாது. சந்தேகம் என்றால் வளர்ச்சிப் பதிவேட்டோடு குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

அப்புறம், 'ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான்' என்று அம்மம்மா சொன்னாலும், இரண்டு வயதில் ஒரு சொல்கூட வராவிட்டால் காட்டத்தான் வேண்டும். குறைபாட்டின் பெயர் தெரியும்வரை பயிற்சி காத்திருக்கத் தேவையில்லை.